கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்கள்

வடக்குப்பட்டு
15-6-2025

தம்பி நிர்மலுக்கு,

ஆண்டவர் துணை உனக்கு எப்போதும் இருக்கட்டும். இங்கே நானும் என் பேருந்தும் நலம். இரண்டு பேரில் எனக்குத்தான் இருமல் குறைவு. விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா, கொசு தூங்க விடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.

நான் சாம்ராஜ். ஒரகடத்தில் உன் அம்மா வேலை பார்க்கும் கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறவன். என்னைப் பற்றி ஈஸ்டர் லீவில் உன்னிடம் சொன்னதாக அம்மா சொன்னார். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம் என்று கேட்டதும் நீ சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டாயாம். விடுதிக்குக் கிளம்பும் வரை துடைத்துக்கொண்டே இருந்தாயாம். அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. அது உன் சைக்கிள், உன் துணி.

நான் எழுதுவது வேறு விஷயம். போன ஞாயிறு உன்னைப் பார்த்துவிட்டு வந்த ஜெர்சி (உன் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே) பஸ்ஸில் ஏறும்போதே சொன்னார். "பத்தாவது பசங்க மாசம் ஒருக்கா ஒரு புக்கைப் படிச்சிட்டு மைக்குல பேசணுமாம். இவன் புக்கைத் தொறந்தாலே கொட்டாவி வருதுங்கறான். படிக்கிற மாதிரி எதுனா சொல்லுங்களேன்" என்றார்.

உங்கள் விடுதியில் போனுக்கு இடமில்லை என்பதால் கடிதம். எனக்குப் புத்தகம் கொஞ்சம் தெரியும். ஷிப்ட்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டால் அவர்களைத் திரும்ப ஏற்றும் வரை டிரைவர் ஷெட்டில் எங்களுக்கு ஈ ஓட்டுகிற வேலைதான். பஸ் சீட்டில் யாராவது மறந்துவிட்டுப் போகும் புத்தகம், கேட்டு ஆள் வராவிட்டால், ஷெட்டுக்கு வந்து சேரும். வருஷக் கணக்கில் அவற்றைத்தான் படிக்கிறேன். எங்கள் மூத்த டிரைவர் சுப்பராயன் என்னைப் பார்த்தால் விட மாட்டார். "இன்னா சாமு, படிச்சிக்கினே கீறியே, கலெக்டரு ஆவப் போறியா?" என்பார்.

உனக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் எழுது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சாம்ராஜ்


மாணவர் விடுதி, திண்டிவனம்
29-6-2025

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நலமாக இருக்கிறேன். தாங்களும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். (இந்த வரி இல்லாவிட்டால் எங்கள் விடுதி பிரதர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.)

தங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. இங்கே நூலகத்தில் பழைய புத்தகங்கள்தான் இருக்கின்றன. சின்னதாக இருந்தால் நல்லது.

என் சைக்கிளை யாருக்கும் ஓட்டக் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
சா. நிர்மல்
த/பெ. சாலமோன்


வடக்குப்பட்டு
6-7-2025

தம்பி நிர்மலுக்கு,

நீ எனக்காக இறைவனை வேண்டியது பலித்துவிட்டது, நலமாக இருக்கிறேன். பிரதருக்கும் என் வணக்கம்.

உன் சைக்கிளுக்கு உறை போட்டு மூடியிருக்கிறது. நான் தொடவில்லை, உன் அம்மாதான் போட்டார்.

சின்னப் புத்தகம் கேட்டாய். ஒன்று, 'நம் வயல் பாம்புகள்'. கதை கிடையாது, எந்தப் பக்கத்தையும் திறந்து படிக்கலாம். எது கடிக்கும், எது சும்மா பயம் காட்டும் என்று படத்தோடு போட்டிருக்கும். மனுஷர்களுக்கும் அப்படி ஒரு புத்தகம் போட்டால் நானே முதல் ஆளாக வாங்குவேன்.

இன்னொன்று 'குதிரைலாட மர்மம்'. பங்களாவில் ஒரு பணக்காரர் செத்துக் கிடக்கிறார், பக்கத்தில் ஒரு லாடம். அந்த ஊரில் குதிரையே இல்லை! இதைப் படித்த நாளில் டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கொலைகாரன் யார் என்று சொல்ல மாட்டேன். தபால்காரன் மேல் மட்டும் ஒரு கண் வைத்துக்கொண்டு படி.

கொட்டாவி வந்தால் மூடி வைத்துவிடு. புத்தகம் கோபித்துக்கொள்ளாது. நானும்தான்.

அன்புடன்,
சாம்ராஜ்


மாணவர் விடுதி, திண்டிவனம்
20-7-2025

மதிப்பிற்குரிய அங்கிள்,

நான் நலம். உங்கள் இருமலும் பஸ் இருமலும் எப்படி?

பாம்புப் புத்தகம் எங்கள் நூலகத்திலேயே கிடைத்தது. சனிக்கிழமை அதைப் பற்றித்தான் பேசினேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் குளிக்கும் இடத்தில் பாம்பு வந்துவிட்டது. எல்லாரும் கட்டை எடுத்தார்கள். நான் படத்தைப் பார்த்திருந்ததால் சாரை என்று கண்டுபிடித்து, அடிக்க விடவில்லை. பக்கத்துக் கட்டில் ஹேமந்த் இப்போது என்னை 'பாம்பு டாக்டர்' என்று கூப்பிடுகிறான். மறைமலை நகர் பையன், வாய் அதிகம்.

குதிரைலாட மர்மத்தையும் படித்துவிட்டேன், ஒரே நாளில். தபால்காரர் கொலை செய்யவில்லை. மருமகன்தான் செய்தான். நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த முறைக்கு ஒரு பெரிய கதையாகச் சொல்லவும். ஆனால் யாரும் சாகக் கூடாது. கொலை பரவாயில்லை, அது யாரோ. வீட்டு ஆள் சாகிற கதை வேண்டாம். முடிவு தெரிந்துகொண்டு படிக்கிறேன், அதையும் எழுதிவிடவும்.

இப்படிக்கு,
சா. நிர்மல்


வடக்குப்பட்டு
3-8-2025

அன்புள்ள பாம்பு டாக்டருக்கு,

எங்கள் இருவர் இருமலும் மழை வரும் வரை இப்படித்தான். உன் கடிதத்தை உன் அம்மா பஸ்ஸிலேயே நாலு பேருக்கு வாசித்துக் காட்டினார். சாரையைக் காப்பாற்றியதில் அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கும்தான்.

மருமகனா? எனக்கு நினைவு தப்பியிருக்கும். வயசாகிறது.

நீ கேட்டது போல ஒரு பெரிய கதை, 'நாலாம் நம்பர் படகு'. கடலோரக் கிராமம். உன் வயசுப் பையன் ஒருத்தன், அவன் அப்பா, ஒரு பழைய படகு. அப்பா அந்தப் பையனுக்கு வலை பின்னக் கற்றுக்கொடுக்கிற இடத்தை மட்டும் நான் மூன்று தடவை படித்தேன். பிறகு ஒரு புயல் நாள். அப்பா கடலுக்குள் இருக்கிறார். பையன் கரையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அம்மா வந்து கூப்பிட்டும் போகவில்லை. பயப்படாதே. விடியும்போது படகு வந்துவிடும். அப்பா இறங்கி வந்து விளக்கை வாங்கி ஊதி அணைத்துவிட்டு, "எண்ணெயெல்லாம் தீத்துட்டியேடா" என்று திட்டுவார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

ஜெர்சிக்கு இந்த மாதம் ஓ.டி. அதிகம். உனக்கு எழுத நேரமில்லை என்று வருத்தப்படுகிறார். காலாண்டு லீவுக்கு நீ வருவாய் என்று இப்போதே பருப்புப் பொடி அரைத்தாகிவிட்டது.

அன்புடன்,
சாம்ராஜ்


மாணவர் விடுதி, திண்டிவனம்
24-8-2025

ஐயா,

நலம்.

நேற்று என் முறை. எனக்கு டெஸ்ட் இருந்ததால் கதையின் கடைசிப் பகுதியைப் படிக்கவில்லை. நீங்கள் எழுதிய முடிவை வைத்துப் பேசினேன். விளக்கை ஊதி அணைத்தது, திட்டியது எல்லாம் சொன்னேன். பிரதர் அந்தப் புத்தகத்தைப் படித்தவர். "இது எந்தப் புத்தகம்பா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு கடைசிப் பகுதியைப் படித்தேன்.

இனி எனக்குப் புத்தகம் சொல்ல வேண்டாம்.

சா. நிர்மல்
த/பெ. சாலமோன்


வடக்குப்பட்டு
14-9-2025

தம்பி நிர்மலுக்கு,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. வார லீவு கிடைத்ததும் காஞ்சிபுரம் போய் நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து, நின்றுகொண்டே கடைசிப் பக்கங்களைப் படித்தேன். படகு வரவில்லை. பையன் விளக்கை அணைக்காமல் கரையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். படித்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஷெட்டில் இருக்கும் என் பிரதியில் கடைசிப் பக்கங்கள் கிடையாது. அந்த ஒரு புத்தகத்தில் மட்டுமல்ல, ஷெட்டில் எதிலுமே கிடையாது. வண்டி எடுக்கும் முன் ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் துடைக்கக் காகிதம் வேண்டும். எதையாவது கிழித்துத் துடைப்பது எங்கள் ஷெட்டில் எல்லார் பழக்கமும்தான். சுப்பராயன் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து கிழிப்பார். நேற்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பாவம் போலப் பார்த்தார். "இன்னா சாமு, கடசிப் பக்கத்துல இன்னா கீது? கதைதான் முடிஞ்சிபோச்சே! முன்னால கிழிச்சா நீ படிக்க மாட்டேன்னுதானே பின்னால கிழிக்கிறேன்" என்றார். அவர் எனக்கு நல்லதுதான் நினைத்திருக்கிறார்!

முடிவு இல்லாத கதையை மனசில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியவில்லை, தம்பி. அதனால் வாலாஜாபாத் ரோட்டில் போகும்போதே நானாக ஒரு முடிவு கட்டிக்கொள்வேன். நாளாக ஆக, எது படித்தது எது கட்டியது என்று எனக்கே கலந்துபோய்விட்டது. அந்தத் தபால்காரனையும் நான்தான் அநியாயமாகக் கொலைகாரனாக்கியிருக்கிறேன்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று, வீட்டு ஆள் சாகாத கதை. அதைப் போய்த் தப்பாகச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்பது எனக்குச் சுலபம். மன்னிப்பது உனக்குக் கஷ்டம். அது தெரியும்.

சாம்ராஜ்


வடக்குப்பட்டு
12-10-2025

என் செல்லக் கண்ணு நிர்மலுக்கு அம்மா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? சளி பிடித்தால் ஆவி பிடி. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

காலாண்டு லீவுக்கு ஹேமந்த் வீட்டுக்குப் போய்விட்டாய். மறைமலை நகர் வரை வந்த பிள்ளைக்கு வடக்குப்பட்டு தூரமாகிவிட்டதா? அரைத்த பருப்புப் பொடியை நானே மூன்று வேளையும் தின்றுகொண்டிருக்கிறேன்.

இனி நான் மறைக்கப் போவதில்லை. ஃபாதர் அந்தோணிராஜ் எங்கள் ஓலையை எப்போது வாசிக்கலாம் என்று கேட்டார். உனக்குத் தெரியும், மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிப்பார்கள். திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் வரை கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார். சாம்ராஜ்தான் தடுத்துவிட்டார். "பையன் மனசு தெரியாம வாசிக்காதீங்க ஃபாதர்" என்றார். "பையன் சம்மதம் கோயிலுக்குத் தேவையில்லையேப்பா" என்று ஃபாதர் சொன்னதற்கு, "கோயிலுக்குத் தேவையில்ல ஃபாதர், வூட்டுக்குத் தேவை" என்றார். இதை உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். என் வாயில் எது தங்கியது?

உன் அப்பாவை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாயா? அவர் சட்டை இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனால் கண்ணு, நீயும் விடுதியில், நான் ஷிப்ட் முடிந்து வந்து பூட்டைத் திறந்தால் வீடு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. பஸ்ஸில் ஏறும்போது "சாப்ட்டியா?" என்று ஒருத்தர் கேட்டார். அதற்கு நான் ஆசைப்பட்டுவிட்டேன். அது தப்பா?

நீ வேண்டாம் என்றால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சத்தியமாக. ஆனால் வாயைத் திறந்து சொல். சைக்கிளைத் துடைக்காதே.

உன் அம்மா,
ஜெர்சி


மாணவர் விடுதி, திண்டிவனம்
26-10-2025

அன்புள்ள அங்கிள்,

நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இது பிரதருக்காக எழுதிய வரி இல்லை.

இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்ததால் எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை.

அப்பா கடைசியாக வேலைக்குப் போன அன்று என் சைக்கிள் செயின் கழன்றிருந்தது. "சாயங்காலம் வந்து மாட்டித் தரேன்டா" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார். நான் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டின பிறகும் உட்கார்ந்திருந்தேன். லாரி மோதின விஷயம் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த பிறகும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் செயினை இன்னும் மாட்டவில்லை. அதனால்தான் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன்.

அந்தக் கதையில் பையன் விளக்கோடு நிற்கும்போது எனக்குப் பயமே இல்லை. நீங்கள்தான் படகு வரும் என்று எழுதியிருந்தீர்களே. கடைசிப் பக்கம் வரைக்கும் வரும் என்றே நினைத்துப் படித்தேன். இன்னொரு தடவை வாசலில் உட்கார்ந்திருந்த மாதிரி ஆகிவிட்டது. அதுதான் கோபம்.

இதை ஹேமந்திடம் மட்டும் சொன்னேன். அவன் இரண்டு முடிவையும் சொல்லச் சொன்னான். சொன்னேன். "உங்க அங்கிள் சொன்னது டூப்புடா. ஆனா அதையே இன்னொரு தபா சொல்லு" என்றான். சொன்னேன். எனக்கும் நன்றாக இருந்தது. "எண்ணெயெல்லாம் தீத்துட்டியேடா" என்பதை எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈஸ்டர் லீவில் அம்மா சொன்னதிலிருந்து ஒரு திட்டம் வைத்திருந்தேன். ஓலை வாசிக்கும்போது முதல் இரண்டு ஞாயிறும் பேசாமல் விட்டுவிட வேண்டும். மூன்றாவது ஓலைக்குக் கோயிலுக்கு வந்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் வாசிக்கிறபோது எல்லார் நடுவிலும் எழுந்து நிற்க வேண்டும். இப்போது என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் எனக்காக நிறுத்தி வைக்க வேண்டாம். ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள், அவர் வாயில் எதுவும் தங்காது.

குதிரைலாட மர்மத்தின் கடைசிப் பக்கங்களைப் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சுப்பராயன் தாத்தா கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சா. நிர்மல்


வடக்குப்பட்டு
2-11-2025

அன்புள்ள நிர்மலுக்கு,

உன் கடிதம் வந்த அன்று பஸ் இரண்டு ஸ்டாப்பில் நிற்காமல் போய்விட்டது. ஏறவேண்டியவர்கள் போனில் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த அளவுக்கு நான் நலம்.

இன்று கல்லறைத் திருநாள். உன் அம்மா சாலமோன் அண்ணன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினார். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. நான் கேட்டுக்கு வெளியில் நின்றிருந்தேன். அவர் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனேன். காற்று வருகிற பக்கமாகப் போய் நின்றுகொண்டேன், பிறகு அணையவில்லை. அண்ணனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், உன் சாரைக் கதையைச் சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்கு நான் அப்பா ஆக முடியாது. அந்த இடம் காலியாக இல்லை. அது எனக்குத் தெரியும். சைக்கிள் செயினையும் நான் தொட மாட்டேன்.

நீ எழுதியனுப்பிய பக்கங்களை என் சீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். தபால்காரனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். ஒன்பதாம் தேதி முதல் ஓலை. இருபத்துமூன்றாம் தேதி, கிறிஸ்து அரசர் திருநாளில், மூன்றாவது. நீ வந்து எழுந்து நிற்பதாக இருந்தால், நில். ஆனால் கோயில் நிறையக் கூட்டம் இருக்கும்போது ஒரு பையன் தனியாக எழுந்து நிற்பது ரொம்பக் கஷ்டம். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் நீ எழுந்தால் நானும் உன் பக்கத்தில் வந்து நின்றுகொள்வேன். யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன்.

அன்புடன்,
சாம்ராஜ்


மாணவர் விடுதி, திண்டிவனம்
15-11-2025

அன்புள்ள அம்மாவுக்கும் அங்கிளுக்கும்,

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். நான் நலம். ஹேமந்தும் நலம், உங்கள் கடிதத்தை அவனே எடுத்துப் படித்துவிட்டான்.

இருபத்திரண்டாம் தேதி வீட்டுக்கு வர பிரதர் அனுமதி கொடுத்துவிட்டார். அம்மா, பருப்புப் பொடி மறுபடியும் அரைக்கவும். அங்கிள், செயின் மாட்ட எனக்குத் தெரியும். ஆனால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்தால் ஆடும். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும்போது ஷெட்டிலிருந்து ஒரு புத்தகம் வேண்டும். பெரிதாக இருக்கட்டும். கடைசிப் பக்கங்கள் இல்லாவிட்டால் பரவாயில்லை, அதை நீங்கள் சொல்லுங்கள். நான் இங்கே நல்ல பிரதியைப் பார்த்து நிஜ முடிவை உங்களுக்கு எழுதுகிறேன். இரண்டும் இருக்கட்டும்.

ஞாயிறு பூசையில் நான் அம்மாவுக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன், நீங்கள் அந்தப் பக்கம். மூன்றாவது ஓலை வாசிக்கும்போது அம்மா என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டு இருக்க வேண்டாம், வலிக்கும்.

நான் எழுந்திருக்க மாட்டேன். நீங்களும் உட்கார்ந்தே இருங்கள்.

உங்கள்
நிர்மல்